சின்னப் படத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பெரிய நடிகரோ பாட்டோ சண்டையோ இல்லாத ஒரு முழுநீளப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்குகளின் மேல்தான் நிற்கின்றன.

சுயாதீனப் படம்னா சின்ன பட்ஜெட் படம்தானே?

எல்லாச் சின்ன பட்ஜெட் படமும் சுயாதீனப் படம் ஆகாது. பணம் போடுகிறவர் கதையில் கை வைக்காத படம்தான் சுயாதீனப் படம். கோடம்பாக்கத்தின் வழக்கமான ஓட்டம் வேறு. நடிகரின் தேதி கையில் இருந்தால் பைனான்சியர் வட்டிக்குப் பணம் தருவார். வெளியீட்டுக்கு முன்பே விநியோகஸ்தர், தொலைக்காட்சி, ஓடிடி என்று யாராவது உரிமை வாங்குவார்கள். வெளியீட்டுக்கு முதல்நாள் கடனை அடைத்துவிட்டு வெளியிடுவார்கள். இந்தச் சங்கிலி முழுவதும் ஒரு நடிகரின் பெயரில் தொங்குகிறது.

உங்கள் படத்தில் அந்தப் பெயர் இல்லை. அதனால் அந்தப் பணமும் உங்களுக்கு இல்லை. வேறு குணமுள்ள பணத்தைத் தேட வேண்டும்: மெதுவாகத் திரும்பினாலும், திரும்பாமலே போனாலும் யார் குடும்பத்தையும் சாய்த்துவிடாத பணம். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் சொல்லப்படுகின்றன.

குறைஞ்சது எவ்வளவு இருந்தா ஆரம்பிக்கலாம்?

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். 90 நிமிடப் படம், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், 20 நாள் படப்பிடிப்பு, யூனிட்டில் 18 பேர். சாப்பாடும் டீயும் ஆளுக்கு நாளைக்கு 350 ரூபாய் என்றால் 1,26,000. தங்க இரண்டு வீடு ஒரு மாத வாடகைக்கு 40,000. கேமரா, லென்ஸ் நாளுக்கு 8,000 வீதம் 1,60,000. நேரடி ஒலிப்பதிவுக் கருவிகள் 80,000. விளக்கும் ஜெனரேட்டரும் 1,20,000. வேனும் காரும் 1,00,000. தொழில்நுட்பக் கலைஞர் சம்பளம் 6,00,000, நடிகர்களுக்கு 2,00,000, கலையும் உடையும் 1,00,000, அனுமதிகளுக்கு 50,000, ஹார்ட் டிஸ்குக்கு 45,000. கூட்டினால் 16 லட்சத்து 21 ஆயிரம்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது: எடிட்டிங் 1.5 லட்சம், ஒலி வடிவமைப்பும் மிக்ஸிங்கும் 3 லட்சம், கலர் 1.5 லட்சம், இசை 1.5 லட்சம், சப்டைட்டிலும் எழுத்துகளும் 50 ஆயிரம், தணிக்கையும் தியேட்டருக்கான டிசிபி பிரதியும் 1 லட்சம் என 9 லட்சம் ஆகிறது. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட 28 லட்சம். வாடகையும் சம்பளமும் ஆளுக்கு ஆள் மாறும். விகிதத்தைக் கவனியுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் தேவைப்படுகிறது.

ஹார்ட் டிஸ்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு 300 ஜிபி என்றால் 20 நாளுக்கு 6 டிபி, இரண்டு பிரதிக்கு 12 டிபி. இரண்டு பிரதியும் ஒரே பையில் இருந்தால் அது ஒரே பிரதிதான். ஒன்றை ஊரிலும் மற்றொன்றை எடிட்டரிடமும் வையுங்கள்.

கதை ரெடியா இருக்கு. பணம் கேட்கப் போகும்போது கையில என்ன இருக்கணும்?

ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முழுத் திரைக்கதை, மேலே போட்டது போன்ற செலவுக் கணக்கு, நாள்வாரிப் படப்பிடிப்புத் திட்டம், இரண்டு மூன்று நிமிடக் காட்சித்துணுக்கு. கடைசியாகச் சொன்னதுதான் டெல்டாவில் அதிகம் வேலை செய்யும். காகிதத்தில் எழுதிய படத்தை யாராலும் பார்க்க முடியாது. உங்கள் ஊர் வாய்க்காலையும் உங்கள் ஊர்ப் பேச்சையும் திரையில் மூன்று நிமிடம் பார்த்தவர் வேறு மாதிரி பேசுவார்.

இதற்கென்று ஒரு தனிச் செலவு ஒதுக்குங்கள். இரண்டு நாள், ஆறு பேர், ஒன்றரை லட்சத்துக்குள். முழுப் படத்தில் திரும்பவும் பயன்படக்கூடிய காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுழைவது வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர இன்னும் பல நாள் ஆகும், அணையில் நீர் குறைவாக இருக்கும் ஆண்டில் திறப்பே தள்ளிப்போகும். அந்தக் காட்சி உங்கள் படத்தில் இருந்தால், முழுப் பணம் சேரும்வரை காத்திருக்காமல் முதலில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டியே மீதியைக் கேளுங்கள்.

கதையை நாலு பேர்கிட்ட சொன்னா திருடிட மாட்டாங்களா?

பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகத் திரைக்கதையைப் பதிய 500 ரூபாய்தான் கட்டணம். சென்னையில் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலும் பதியலாம். அனுப்பும் ஒவ்வொரு பிரதியையும் மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். அதற்கு மேல் பயப்பட்டால் பணம் வராது. யாருக்கும் சொல்லாத கதைக்கு யாரும் பணம் போட முடியாது.

நகையை வச்சு, இல்லேன்னா நிலத்தை வச்சு எடுத்துட்டா என்ன? படம் வித்ததும் மீட்டுடலாமே?

வேண்டாம். வெளி ஆளிடம் 20 லட்சம் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 60,000 ரூபாய் வட்டி. இப்படிப்பட்ட படம் எழுத்திலிருந்து முதல் வருமானம்வரை இரண்டு வருடம் எடுத்துக்கொள்வது சாதாரணம். 24 மாதத்தில் வட்டி மட்டும் 14 லட்சத்து 40 ஆயிரம். படம் நன்றாக விற்றாலும் அந்தப் பணம் வட்டிக்கே போகும். நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போவது வீட்டுப் பெண்களின் நகை.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிப் படத்தில் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லாத கடன் என்பதால் ஆசை வருகிறது. அது பயிருக்கென்று வாங்கிய கடன். கெடு தவறினால் வட்டி ஏறும், அடுத்த பட்டத்துக்குக் கடன் கிடைக்காது, சாகுபடியே நின்றுபோகும். சீட்டு எடுப்பதும் இதே வகைதான். ஆரம்ப மாதங்களில் தள்ளி எடுத்தால் பெருந்தொகையைக் கழித்துக்கொண்டுதான் கையில் கிடைக்கும், தவணையோ முழுசாக ஓடும். தவணை தேதி உள்ள எந்தப் பணமும் இந்தப் படத்துக்கு ஒத்துவராது.

பேராவூரணிப் பக்கம் மொய்விருந்துல லட்சக்கணக்குல சேருதே. ஒரு மொய்விருந்து வச்சு படம் எடுத்தா?

டெல்டாவின் தெற்கு ஓரத்தில் இருந்து வரும் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பேராவூரணி வட்டாரத்திலும், ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் ஆடி, ஆவணியில் கறிவிருந்து போட்டு மொய் வாங்குகிறார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நோட்டில் எழுதிய பெயர்தான் சாட்சி. தொழில் தொடங்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்த ஏற்பாடு இது. அதே சமயம் மொய் என்பது கடன். உங்களுக்கு எழுதியவர் விருந்து வைக்கும்போது வாங்கியதையும் அதற்கு மேல் கொஞ்சமும் திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இப்போது கணக்கு. 30 லட்சம் சேர்ந்தது, திருப்பிச் செய்ய ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 6 லட்சம், அதுவும் ஆடி ஆவணி இரண்டே மாதத்தில் வேண்டும். சுயாதீனப் படம் வருடா வருடம் ஆடியில் 6 லட்சம் தராது. ஒரு வருடம் ஒன்றுமே வராமல், அடுத்த வருடம் ஒரே தொகையாக வரலாம். வராமலே போகலாம்.

ஆனாலும் ஒரு வழி உண்டு. உங்கள் குடும்பம் பல வருடமாக மற்றவர்களுக்கு மொய் எழுதி வந்திருந்தால், வருகிற தொகையில் பெரும்பகுதி உங்கள் பணமே திரும்பி வருவதுதான். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூட்டிப் பாருங்கள். 30 லட்சத்தில் 22 லட்சம் முன்பு நீங்கள் எழுதியது என்றால் அது சேமிப்பு, மீதி 8 லட்சம்தான் புதுக் கடன். அந்த 8 லட்சத்தை வங்கியில் போட்டுவிடுங்கள். 22 லட்சத்தில் வீட்டுக்குத் தேவையானதை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதைப் படத்துக்குத் தரலாமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மொய் நோட்டு உங்கள் ஒருவருடையது இல்லை. மாமனும் சித்தப்பாவும் எழுதியது அதில் இருக்கிறது.

ஊர்க்காரங்க ஆளுக்கு நூறு இருநூறு போட்டா படம் எடுத்துடலாமே. கேரளாவுல அப்படித்தானே எடுத்தாங்க?

எடுத்தார்கள். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவரது ஒடேசா கூட்டமைப்பும் கேரளக் கிராமங்களில் படக்காட்சிகள் நடத்தி, சிறு சிறு தொகையாக மக்களிடம் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1976இல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். 2013இல் வந்த கன்னடப் படம் 'லூசியா' இணையம் வழியே நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 50 லட்சம் திரட்டியது.

மூன்றிலும் பணத்துக்கு முன்பே ஒரு கூட்டம் இருந்தது என்பதைப் பாருங்கள். ஐந்து லட்சம் பேரிடம் இரண்டு ரூபாய் வாங்க ஐந்து லட்சம் கதவைத் தட்டியிருக்க முடியாது. பால் ஊற்றும் இடத்திலேயே பிடித்துக்கொள்ள ஒரு கூட்டுறவு அமைப்பு இருந்தது. உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பழைய மாணவர் சங்கம், வாசகர் வட்டம், நாடகக் குழு, விவசாயச் சங்கம் என எதுவாகவும் இருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் மாதம் ஒரு படம் திரையிட ஆரம்பியுங்கள். ஒரு வருடத்தில் நாற்பது முகங்கள் பழகிவிடும். நன்கொடை முதலில் அங்கிருந்துதான் வரும்.

சட்டத்தில் கவனமாக இருங்கள். பணம் வாங்கிக்கொண்டு திரையில் பெயர், டிக்கெட், திரைக்கதைப் புத்தகம் தருகிறேன் என்பது ஒன்று. லாபத்தில் பங்கு தருகிறேன் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது வேறு. இணையத்தில் பொதுவாக அறிவித்துப் பங்கு விற்க இந்தியாவில் அனுமதி இல்லை. 'போட்ட பணத்தை இத்தனை மாதத்தில் கூட்டித் தருகிறேன்' என்று வாங்கினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும், வைப்பீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் பாயும். 'இரட்டிப்பு' என்ற சொல்லை வாட்ஸாப்பில்கூட எழுதாதீர்கள்.

பத்துப் பதினாலு பேர் ஆளுக்கு ரெண்டு லட்சம் தர்றேங்கிறாங்க. கையெழுத்து எப்படி வாங்குறது?

இது நல்ல நிலை. 14 பேர், ஆளுக்கு 2 லட்சம், மொத்தம் 28 லட்சம். எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள். எல்எல்பி என்கிற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை இந்த அளவுக்குப் பொருந்தும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், மேல் வரம்பு கிடையாது, நஷ்டம் வந்தால் அவரவர் போட்டதோடு நிற்கும். சாதாரணக் கூட்டாண்மையில் உங்கள் வீடு வரைக்கும் வரும். எல்எல்பி தொடங்கினால் வருமானம் இல்லாத வருடத்திலும் இரண்டு படிவம் தாக்கல் செய்ய வேண்டும்: மே 30க்குள் ஒன்று, அக்டோபர் 30க்குள் ஒன்று. தவறினால் அபராதம் நாள்கணக்கில் ஏறும். பட்ஜெட்டில் ஆடிட்டருக்கு ஒரு தொகை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் அவசியம் இருக்க வேண்டியவை: படத்தின் உரிமை அந்த எல்எல்பிக்கு என்பது, கதை, வெட்டு (எடிட்டிங்), நடிகர் தேர்வில் இறுதி முடிவு இயக்குநருடையது என்பது, பட்ஜெட் தாண்டினால் கூடுதல் பணம் யார் தருவது, படம் நின்றுபோனால் மிச்சப் பணம் என்ன ஆகும், பணம் திரும்பும் வரிசை. அந்த வரிசையை எண்களோடு எழுதுங்கள். விற்பனைக் கமிஷன் முதலில், பிறகு முதலீட்டாளர்கள் போட்டது முழுசாகத் திரும்பும்வரை அவர்களுக்கு, அதன்பின் வருவதில் பாதி முதலீட்டாளர்களுக்கும் பாதி படைப்புக் குழுவுக்கும்.

போட்ட பணத்துக்கு எவ்வளவு வரும்னு கேட்டா என்ன சொல்றது?

மேலே உள்ள வரிசையை வைத்தே காட்டுங்கள். எல்லா உரிமையும் சேர்த்து 40 லட்சம் வந்தது என்றால் அது நல்ல நாள். பத்து சதவீதக் கமிஷன் போக 36. முதலீடு 28 திரும்பியது, மிச்சம் 8, அதில் பாதி 4. இரண்டு லட்சம் போட்டவருக்கு 2,28,571 ரூபாய் கிடைக்கும். அதே இரண்டு லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் இரண்டு வருடம் வங்கியில் போட்டிருந்தால் 2,28,980 கிடைத்திருக்கும். இனி மோசமான நாள்: 14 லட்சம்தான் வந்தது, கமிஷன் போக 12.6. ரூபாய்க்கு 45 காசு திரும்பும்.

இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பார்த்த பிறகும் தருகிறவரின் பணத்தை மட்டும் வாங்குங்கள். நாலு பேர் விலகுவார்கள், விலகட்டும். லாபத்துக்காக வந்தவர் படம் பாதியில் இருக்கும்போது காட்சியை மாற்றச் சொல்வார்.

சிங்கப்பூர், துபாய்ல இருக்குற நம்ம ஊர்க்காரங்க அனுப்புறேங்கிறாங்க. வாங்கலாமா?

அனுப்புகிறவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் தருவது வரக்கூடும். அப்படியானால் நன்கொடையாக வாங்காமல், முதலீடாகச் செய்ய வழி உண்டா என்று பணம் வருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்பளிப்பு என்று சொல்லிவிட்டால் வரி கிடையாது என்பதும் தவறு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வந்த தொகை கூட்டாக 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்காகும். உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்புகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அரசாங்கம் மானியம் தருதாமே?

தரமான, குறைந்த செலவுத் தமிழ்ப் படங்களுக்குத் தமிழ்நாடு அரசு 7 லட்சம் ரூபாய் மானியத் திட்டம் வைத்திருக்கிறது. படம் முடிந்து, தணிக்கையாகி, வெளிவந்த பிறகு குழு பார்த்துத் தேர்ந்தெடுப்பது. கைக்கு வரப் பல வருடமும் ஆகலாம். ஆகவே பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள். வந்தால் முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரப் பயன்படும்.

எடுப்பதற்கு முன்பே தருவது மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். 1975இல் தொடங்கியது. முதல் பட இயக்குநர்களுக்கு முழுச் செலவையும் ஏற்றுத் தயாரித்திருக்கிறது, மற்றவர்களோடு கூட்டாகவும் தயாரிக்கும். போட்டி நாடு முழுவதிலிருந்தும் வரும், உரிமையில் பெரும்பகுதி அவர்களிடம் போகும். அதே கழகம் 2007 முதல் நவம்பரில் கோவாவில் பிலிம் பஜார் என்ற படச் சந்தையை (இப்போதைய பெயர் வேவ்ஸ் பிலிம் பஜார்) நடத்துகிறது. திரைக்கதை நிலையில் கூட்டுத் தயாரிப்புச் சந்தை, முதல் வெட்டு நிலையில் ஒரு பட்டறை, முடிந்த படத்தை வாங்குபவர்கள் பார்க்க வியூவிங் ரூம் என மூன்று வாசல்கள் உண்டு. டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டாவது வாசலைத்தான் பரிந்துரைப்போம். முதல் வெட்டை வைத்துக்கொண்டு பேசும்போது உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் படம் பேசிவிடும்.

வெளிநாட்டு விழாக்கள்ல நிதி தர்றாங்களாமே, நம்மளுக்கெல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988இலிருந்து ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இயக்குநர்களுக்குக் கொடுத்து வருகிறது. திரைக்கதை வளர்ச்சிக்கு அவர்கள் தருவது 10,000 யூரோ. பெர்லின் விழாவின் உலக சினிமா நிதி 2004இல் தொடங்கியது, அதற்கு ஒரு ஜெர்மன் கூட்டாளி தேவை. இந்தியப் படங்களை ஏற்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிதிகள் முழுப் படத்தையும் எடுக்கப் போதாது. ஆனால் கடிதம் கையில் வந்தால் உள்ளூரில் தயங்கியவர்கள் தருவார்கள். அதுதான் அதன் உண்மையான மதிப்பு.

விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: இயக்குநர் குறிப்பு. 'விவசாயிகளின் துயரம்' என்று பொதுவாக எழுதினால் நூறு விண்ணப்பத்தில் ஒன்றாகிவிடும். நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கும் எடைக்கும் காத்திருந்து, குவித்த நெல் மழையில் முளைத்துவிட்ட ஒரு இரவு என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இன்னொரு தவறு, துணுக்கையோ முழுப் படத்தையோ யூடியூபில் பொதுவில் ஏற்றிவிடுவது. முழுப் படம் வெளியே வந்துவிட்டால் பெரிய விழாக்களின் முதல் திரையிடல் நிபந்தனையில் அடிபட்டுப் போகும்.

பொறுமைக்கும் ஒரு கணக்கு: பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இன் தொடக்கத்தில் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. ஓடிடியில் பொதுமக்கள் பார்க்க 2023 அக்டோபர் ஆனது. விருது வாங்கிய படத்துக்கே அவ்வளவு காலம். மேலே வட்டிக்கு வாங்க வேண்டாம் என்றோமே, அதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

எந்த மாசத்துல பணம் கேட்கணும், எந்த மாசத்துல ஷூட் வைக்கணும்?

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக்கு வருகிற தை, மாசியில் கேளுங்கள். நடவு நேரத்தில் யாரிடமும் கேட்காதீர்கள், உழவுக்கும் உரத்துக்கும் கைக்காசு கரைந்துகொண்டிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையே கதையாக இல்லாதவரை அப்போது படப்பிடிப்பு வைத்தால் 20 நாள் 30 நாளாகும். யூனிட் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மேலே போட்ட கணக்கின்படி சாப்பாடு, வீடு, கருவி, வண்டி வாடகை மட்டும் நாளுக்கு முப்பதாயிரத்தைத் தொடும்.

வயல் உங்கள் படத்தில் வந்தால் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. நாற்று, நடவு, பச்சை, கதிர், அரிதாள் என எல்லாம் வேண்டுமென்றால் ஒரே ஓட்டத்தில் எடுக்க முடியாது. அறுவடை இயந்திரம் இறங்கினால் காலையில் கதிராக இருந்த வயல் மாலையில் தாளாகிவிடும், நேற்று எடுத்த காட்சியோடு சேராது. நான்கைந்து சிறு பயணமாகப் பிரித்தால் கேமரா வாடகையும் போக்குவரத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக விழும். வயல்காரரிடம் அறுவடைத் தேதியை முன்பே பேசி, அரை மா நிலத்தை ஒரு வாரம் தள்ளி அறுக்க ஈடு கொடுப்பது அதைவிட மலிவு.

பட்ஜெட்ல யாரும் எழுதாம விட்டுட்டு அப்புறம் முழிக்கிற செலவு எது?

மாடு. ஆடு, கோழி, நாயும்தான். திரையில் பிராணி வந்தால் இந்திய விலங்கு நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி பெற வேண்டும், கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். இல்லாமல் தணிக்கைக்குப் போனால் வாரியத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள், கடைசியில் காட்சியை வெட்ட வேண்டி வரும். டெல்டாவில் பிராணி வராத தெருக்காட்சி எடுப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ஒலிபெருக்கி. ஆடியிலும் மார்கழியிலும் கோயில் குழாயில் பாட்டு, கல்யாண மண்டபத்தில் பாட்டு, டீக்கடை ரேடியோவில் பாட்டு. நேரடி ஒலியில் பழைய சினிமாப் பாட்டு பதிந்துவிட்டால் அதன் உரிமைக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது அந்தக் காட்சிக்கு மறுபடி டப்பிங். ஓடிடி தரச் சோதனையில் இதைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருப்பவை. மற்ற பல கோயில்கள் அறநிலையத் துறையிடம். கோயில் நிர்வாகியின் வாய்வார்த்தை இரண்டுக்குமே செல்லாது.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பத்து லட்சம் தர்றார். ஆனா அவர் பையன் நடிக்கணுமாம், எங்க ஆளுகளைத் தப்பா காட்டக் கூடாதாம்.

முதல் நிபந்தனையைப் பேசிப் பார்க்கலாம். பையனைத் தேர்வுக்கு வரச் சொல்லுங்கள், பொருந்தினால் பொருந்தும் வேடம் என்று சொல்லி எழுத்தில் வையுங்கள். இரண்டாவது நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டெல்டாவில் நிலமும் கூலியும் சாதியும் பிரிக்க முடியாதவை. நேர்மையாக எடுக்கும் எந்தக் கதையும் யாராவது ஒருவருக்கு வலிக்கும். அந்தப் பத்து லட்சத்தை வாங்கிக்கொண்டு எடுத்தால் படப்பிடிப்புத் தளத்திலேயே தகராறு வரும், அதற்குள் உங்கள் சொந்தப் பணமும் செலவாகியிருக்கும். முழுத் திரைக்கதையையும் படிக்கக் கொடுத்து, படித்தேன் என்று கையெழுத்து வாங்கிய பிறகே பணம் வாங்குங்கள்.

யூனிட்ல எல்லாரும் நண்பர்கள். சம்பளம் வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்ங்கிறாங்க.

'அப்புறம்' என்பதை எண்ணாக எழுதுங்கள். ஒரு லட்சம் வாங்க வேண்டிய ஒளிப்பதிவாளர் 40,000 கையில் வாங்கிக்கொண்டு 60,000 விட்டுக்கொடுத்தால், அந்த 60,000 அவர் போட்ட முதலீடு. பட்ஜெட்டில் எழுதிய சம்பளத்துக்கு மேல் யூனிட் முழுவதும் இப்படி 6 லட்சம் விட்டால் மொத்த முதலீடு 34 லட்சம். முன்பு பார்த்த மோசமான நாளில் ரூபாய்க்கு 45 காசு, இப்போது 37 காசு. முதலீட்டாளர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லைட்மேன், சமையல்காரர், டிரைவர், உள்ளூர்த் துணை நடிகர்கள் இவர்களுக்கு மட்டும் பாக்கி வைக்கவே கூடாது. அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் ரொக்கமாத்தான் நடக்குது. கணக்கு எழுதணுமா?

கட்டாயம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு, செலவாகவே ஏற்கப்படாது. உரிமையை விற்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, விலை பேசும்போதே 'வரி தனி' என்று எழுதுங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி யுபிஐ, தினமும் இரவு பில்களைப் போட்டோ எடுத்து வைக்க ஒரு ஆள். கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் கோவாவிலோ ராட்டர்டாமிலோ கிடைக்கும் கூட்டாளி கூடச் சேருவார்.

பணம் பாதிதான் சேர்ந்திருக்கு. இருக்குறதை வச்சு ஆரம்பிச்சுடலாமா?

எந்தப் பாதி என்பதைப் பொறுத்தது. 28 லட்சத்தில் 18 இருந்தால் ஆரம்பிக்கலாம், படப்பிடிப்பும் முதல் வெட்டும் முடிந்துவிடும். அங்கே நின்றாலும் உங்கள் கையில் காட்டுவதற்கு ஒரு படம் இருக்கிறது, மேலே சொன்ன பிலிம் பஜாரின் இரண்டாவது வாசல் திறந்திருக்கிறது. 10 லட்சத்தோடு ஆரம்பித்துப் பன்னிரண்டாம் நாள் நின்றால் ஒன்றும் இல்லை. இடைவெளியில் நடிகர் முடி வெட்டிக்கொள்வார், குழந்தை நடிகர் வளர்ந்துவிடுவார், வயல் மாறிவிடும், எடுத்ததும் வீணாகும். 10 லட்சம்தான் திரட்ட முடியும் என்றால் 10 லட்சத்துக்குள் அடங்குமாறு எழுதுங்கள்: ஒரே வீடு, நாலு பேர், எட்டு நாள்.

படம் முடிச்சாச்சு, யாரும் வாங்கலை. பணம் போட்டவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?

ஒளியாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: எந்த விழாவுக்கு அனுப்பினோம், யார் மறுத்தார்கள், வங்கியில் எவ்வளவு இருக்கிறது. பணம் வராததைவிடத் தகவல் வராததுதான் ஊரில் பெரிய சண்டையாகிறது. முழு உரிமையையும் ஒரே ஆளிடம் அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். தியேட்டர், தொலைக்காட்சி, ஓடிடி, பிறமொழி மாற்று, மறு ஆக்கம், கல்லூரி மற்றும் சங்கத் திரையிடல் எல்லாம் தனித்தனி உரிமைகள். ஒவ்வொன்றுக்கும் நாடும் வருடமும் குறித்து விற்கலாம். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரியைப் பார்த்தால் பேனாவை மூடி வையுங்கள்.

தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் கல்யாண மண்டபத்தில், கல்லூரி அரங்கில் கட்டணத் திரையிடல் நடத்தலாம். அரங்குக்கு என்ன உரிமம் வேண்டும் என்று தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 150 பேர், ஆளுக்கு 100 ரூபாய், மண்டபமும் புரொஜெக்டரும் 6,000 என்றால் ஒரு திரையிடலில் 9,000 மிஞ்சும். திருவாரூர், வேதாரண்யம், சீர்காழி, பாபநாசம் என்று நாற்பது ஊர் போனால் 3 லட்சத்து 60 ஆயிரம். முதல் காட்சியைப் படம் எடுத்த ஊரிலேயே, பணம் போட்டவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, இலவசமாக நடத்துங்கள்.